கடை வாசலில் கோடை



பங்குனி மாதத்தில் கடைக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். பழைய சிட்டைகள், உடைந்த தராசுத் தட்டு, 1980களின் காலண்டர் அட்டைகள் இவற்றுக்கு அடியில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். பெரும்பாலானவை நானே எடுத்தவை. எடுத்ததையே மறந்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அவற்றில் முக்கால்வாசி கோடையில் எடுத்தவை. காரணம் எளிது. அந்நாளில் பிலிம் சுருள் விலை அதிகம், வீணாகிவிடுமோ என்று பயம். வெயில் நன்றாக அடித்தால்தான் படம் விழும் என்பது எங்கள் நம்பிக்கை. என் சின்ன மாமன் கொடுத்த அக்ஃபா கிளிக் 3 கேமராவில் சூரியன், மேகம் என்று குறி போட்டிருக்கும். நான் சூரியன் குறியைத் தாண்டியதே இல்லை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தான். அதனால் சித்திரையில் மூன்று, வைகாசியில் நான்கு என்று சிக்கனமாக எடுத்து, சுருள் முடிந்த பிறகே ஸ்டுடியோவுக்குப் போவோம்.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ரங்கே கவுடர் வீதியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். பிறகு காந்திபுரத்தின் எண்ணிட்ட வீதிகளில் ஒன்றில் சொந்தமாக மளிகைக் கடை வைத்தார். அப்போது பேருந்து நிலையம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நான் 1977ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கடைக்கு வந்தேன். மொத்தம், சில்லறை இரண்டும் செய்கிறோம். இலக்கியமோ கலையோ எனக்குத் தெரியாது. படங்களைச் சரக்கைப் பார்ப்பது போலத்தான் பார்க்கத் தெரியும். அப்படிப் பார்த்ததில் எனக்குத் தென்பட்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதல் படம் 1981. கறுப்பு வெள்ளை. நமது பக்கத்து மலையில் தயாரான பிலிமாகத்தான் இருக்க வேண்டும். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை 1960ல் நிறுவப்பட்டு, 1967ல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் பிலிமைத்தான் இங்குள்ள ஸ்டுடியோக்காரர்கள் அதிகம் பயன்படுத்தினார்கள். பின்னாளில் அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது. படத்தில் எங்கள் கடை வாசல். அதற்கு எதிரே வீதியிலேயே பாதி தூரத்துக்குச் சாக்கு விரித்து ஏதோ காயப் போட்டிருக்கிறார்கள். மிளகாயா, புளியா என்று கறுப்பு வெள்ளையில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் கறுப்பாகத்தான் விழுந்திருக்கின்றன. ஓரத்தில் ஒரு பெண் குழந்தை காக்கை விரட்டக் குச்சியுடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வடகமாக இருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். காக்கைக்கு மிளகாயில் என்ன வேலை?

இளைய வியாபாரிகளுக்கு இது புதிதாகத் தோன்றலாம். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் மளிகைக் கடைக்கு வருஷச் சாமான் சீசன். குண்டூர் மிளகாய் புது வரவு, புதுப் புளி, புது மல்லி, ஈரோட்டு மஞ்சள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து இறங்கும். ஒரு குடும்பம் ஐந்து கிலோ மிளகாய், பத்து கிலோ மல்லி என்று வாங்கி, நான்கைந்து நாள் வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துத் தகர டின்னில் அடைத்து வைப்பார்கள். வடகத்துக்கும் கூழ் வற்றலுக்கும் சேலத்து ஜவ்வரிசி மூட்டை மூட்டையாகப் போகும். சேலத்தில் 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு அந்தச் சரக்கின் வரத்து இன்னும் சீரானது. ஆக அந்த மூன்று மாதமும் வீதி முழுவதும் நம் கடைச் சரக்கு காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்த பிறகு எடை குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளரும் உண்டு. "வெயிலு எடுத்துக்கிச்சுங்க, நானில்லீங்க" என்று என் தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார்.

ஈரோட்டில் 1975ல் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கிய சக்தி மசாலா, சென்னையில் 1995ல் வந்த ஆச்சி மசாலா போன்றவை பிறகு வீட்டுக்கு வீடு பாக்கெட்டில் தூளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதைக் குறை சொல்ல வரவில்லை, நாமும் அதை விற்றுத்தான் பிழைக்கிறோம். ஆனால் படங்களில் அது தெரிகிறது. 1981ல் வீதியில் பாதி தூரம் சாக்கு, 1990ல் ஒரு திண்ணை மட்டும், 2000க்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் ஒரு மிளகாய் கூட இல்லை.

கோடைப் படம் என்றாலே நமக்கெல்லாம் நாளிதழ்கள்தான் நினைவுக்கு வரும். கத்திரி தொடங்கியதும் வரும் படங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் பெண், கோயில் யானை குளிப்பது, குழாயடியில் வரிசையாக நிற்கும் வண்ண வண்ணக் குடங்கள், யாரோ ஒரு பிரமுகர் தண்ணீர்ப் பந்தலைத் திறந்துவைத்துத் தர்பூசணிக் கீற்றைக் கையில் பிடித்திருப்பது. தண்ணீர்ப் பந்தல் படம் திறப்பு நாளில் மட்டும்தான் வரும். மூன்றாம் நாள் அந்தப் பானையைக் கவிழ்த்துப் பார்க்க எந்தப் புகைப்படக்காரரும் போவதில்லை. நாமும் பந்தல் போட்டிருக்கிறோம், நமது பானையும் காய்ந்திருக்கிறது. ஆகையால் அதிகம் பேசாமல் விடுகிறேன்.

ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் நம் மாநிலத்துக்கு வந்து படங்கள் எடுத்து, 'தமிழ்நாடு' என்ற பெயரிலேயே 1990களில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பெரியவர்கள் நினைத்திருந்த காலத்தில் வண்ணத்திலேயே எடுத்தவர் அவர். 1999ல் மறைந்தார். என் மிளகாய்ப் படத்தைப் பார்க்கும்போது அவர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. நம் வீதிகளின் கோடையில் நிறத்தை எடுத்துவிட்டால் சரக்கே அடையாளம் தெரியாது.

நானும் 1985 வாக்கில் வண்ணச் சுருளுக்கு மாறிவிட்டேன். அதன் பிறகு எடுத்த படங்களில்தான் கதையே இருக்கிறது.

1987 ஏப்ரல் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறது. கடை வாசல் படிக்கட்டில் ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் நுங்கு சாப்பிடுகிறார்கள். ஒரு அம்மா பையனுக்கு நுங்குத் தோலை உரித்துக்கொண்டிருக்கிறார். படத்தின் வலது ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை. எங்கள் கடையின் பெயர்ப்பலகையில் பாதியை அந்தக் குடை மறைத்துவிட்டது. 1989லும் அதே குடை, அதே இடம். 1992லும் அப்படியே.

குடைக்குக் கீழே இருந்தவர் கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாள். பனங்குலைகளை அதிகாலையில் வண்டியிலிருந்து இறக்கி, அரிவாளால் சீவி நுங்கெடுத்துப் பனையோலையில் வைத்துக் கொடுப்பார். பங்குனியில் வருவார், ஆனியில் போய்விடுவார். காலையில் வந்ததும் நேராக எங்கள் கல்லாவுக்கு வந்து, "ஏனுங் மொதலாளி, ஒரு சொம்பு தண்ணி தாங்கோ" என்பார். மதியம் கடைப் பையன்களுக்கு ஒரு டஜன் நுங்கு வாங்கினால் பதிமூன்றாவது ஒன்று கொசுறாக வந்துவிடும். கேட்க வேண்டியதில்லை.

படங்களை உற்றுப் பார்த்தால் அவர் ஒருவர் மட்டுமல்ல. நன்னாரி சர்பத் வண்டி ஒன்று, கம்மங்கூழ்ப் பானை வைத்த ஒரு தள்ளுவண்டி, மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்ற ஒரு பெரியவர், பொள்ளாச்சி இளநீரைக் குவித்து வைத்த சைக்கிள். இவர்களைப் பற்றி நாம் ஒரு கணக்குப் போட்டதே இல்லை. சர்பத்காரருக்குச் சர்க்கரை யாருடையது? சப்ஜா விதையும் நன்னாரி வேரும் யார் கொடுத்தது? கூழ்க்காரருக்குக் கம்பு, மோர் மிளகாய், சின்ன வெங்காயம், ஊறுகாய். மாங்காய்க்காரருக்கு உப்பும் தூளும். எல்லாம் நம் கடையிலிருந்து போனதுதான். என் 1988ஆம் ஆண்டுச் சிட்டையைப் புரட்டினேன். சித்திரை மாதத்தில் சர்பத் வண்டி மட்டும் வாரம் ஒரு சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறது. பாக்கி வைத்ததில்லை, சாயங்காலமே ரொக்கம். அதே சமயத்தில் என்னிடம் மூன்று மாதக் கடன் கேட்ட பெரிய ஓட்டல்களும் உண்டு. அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். சர்பத்காரரை வாசலில் நிற்க வைத்தே சரக்குக் கொடுத்தேன்.

சித்திரையில் தண்டு மாரியம்மன் திருவிழா வந்தால் இந்த வீதி வியாபாரம் இன்னும் ஒரு படி ஏறும். அக்கினிச்சட்டி எடுத்து வெறுங்காலில் வருபவர்களுக்காக வாசல்தோறும் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். பானகத்துக்கு வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எடை போட்டு மாளாது. அந்த நாளில் எடுத்த ஒரு படத்தில் ரோடு முழுவதும் ஈரம் பளபளக்கிறது. பார்ப்பவர்கள் மழை என்றே நினைப்பார்கள்.

இப்போது நான் சொல்லத் தயங்கிய இடத்துக்கு வருகிறேன்.

1995 பங்குனியில் எங்கள் வீதிக் கடைக்காரர்கள் கூடிப் பேசினோம். நடைபாதையை வண்டிகள் அடைத்துக்கொள்கின்றன, சரக்கு லாரி நிறுத்த முடியவில்லை, பலகை தெரியவில்லை, நாம் வாடகையும் வரியும் கட்டுகிறோம், அவர்கள் என்ன கட்டுகிறார்கள் என்ற பேச்சு. ஒவ்வொன்றும் உண்மையான குறைதான். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மனு எழுதி உரிய இடத்தில் கொடுத்தோம். மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பத்து நாளில் ஒரு காலை வண்டி வந்தது. தள்ளுவண்டிகளை ஏற்றினார்கள், நுங்குக் குலைகளையும் ஏற்றினார்கள். குடையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் கல்லாவுக்கு எதிரில் வந்து நின்றார். "நீங்களுமாங்க?" என்று மட்டும் கேட்டார். நான் சிட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. தண்ணீர் கேட்காமல் போய்விட்டார்.

1996 கோடையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. புதிதாக வண்ணம் அடித்த பெயர்ப்பலகையைக் காட்டுவதற்காகவே எடுத்தது. ஒரு எழுத்துகூட மறையாமல் முழுப் பெயரும் தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு முன் என் பேத்தி இந்தப் படங்களை எல்லாம் கைப்பேசியில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். 1989ஐயும் 1996ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்பாரு, இந்தப் போட்டோவில அத்தன பேரு உட்கார்ந்திருக்காங்க. இதுல படிக்கட்டுல ஒருத்தருங்கூட இல்லையே, அன்னிக்குக் கடை லீவுங்களா?" என்று கேட்டாள்.

லீவு இல்லை. கடை திறந்துதான் இருந்தது. படத்திலேயே கதவு திறந்திருப்பது தெரிகிறது. முப்பது வருஷமாக என்னிடம் இருந்த படம், நான் பலகையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் 1994, 1996 இரண்டு வருஷத்துச் சில்லறைச் சிட்டையையும் எடுத்து, சித்திரை வைகாசி இரண்டு மாதத்தின் பிற்பகல் விற்பனையைக் கூட்டிப் பார்த்தேன். குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று இங்கே போட வேண்டாம். அதற்கு அந்தக் குடை ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நுங்கு சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து போகும்போது கால் கிலோ சர்க்கரையோ, ஒரு சோப்போ, தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயிலில் நடந்து வருபவருக்கு நிற்க ஒரு காரணம் வேண்டும். எங்கள் வாசலில் அந்தக் காரணத்தை நாங்களே லாரியில் ஏற்றி அனுப்பினோம்.

1997 கோடையில் அந்த அம்மாள் திரும்பவும் வந்தார். எங்கள் வாசலுக்கு அல்ல, வீதியின் எதிர்ப்பக்கத்துக்கு. நான் கடைப் பையனை அனுப்பி ஒரு டஜன் வாங்கிவரச் சொன்னேன். ஓலையைப் பிரித்து எண்ணினேன். பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு. வியாபாரிகளாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நம் நகரத்துக்கு நேர்ந்ததை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று பல இடங்களில் குண்டுகள் வெடித்தன, 58 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 1997 கடைசியிலேயே கலவரம், கடைகள் எரிந்தது எல்லாம் நடந்திருந்தது. அந்தக் கோடையில் மாடியிலிருந்து எடுத்த ஒரே ஒரு படம் இருக்கிறது. சித்திரை மாதம், காலை பதினொரு மணி இருக்கும். வருஷச் சாமான் வாங்க நெரிசலாக இருக்க வேண்டிய வீதி, ஞாயிற்றுக்கிழமை மாதிரி கிடக்கிறது. பாதி ஷட்டர் இறக்கிய கடைகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பொட்டு அளவுக்கு, அந்தக் கறுப்புக் குடை. வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்பே, நம்மில் பலர் ஷட்டரை முழுவதும் தூக்குவதற்கு முன்பே, எங்கள் வீதியில் அது விரிந்துவிட்டது. அன்று நானே ரோட்டைக் கடந்து போனேன். "வாங்கோ" என்றார். கூட எதுவும் பேசவில்லை. நுங்கை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து எண்ணினேன். இந்த முறையும் பன்னிரண்டுதான்.

2002 கோடையில் குடை வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

மே 5ஆம் தேதியில் எடுத்த படங்கள் நான்கு இருக்கின்றன. வணிகர் தினம், கத்திரி தொடங்கிய மறுநாள். மாநாட்டுக்குப் போக வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் எடுத்தவை. நம் கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும்போது வீதி எப்படி இருக்கிறது என்று நாம் பார்க்கக்கூடிய நாள் அது ஒன்றுதான். 2004 படத்தில் எங்கள் ஷட்டருக்கு முன்னால், நிழலைப் பார்த்து, ஒரு வெள்ளரிப் பிஞ்சுக்காரர் கூடையை இறக்கி வைத்திருக்கிறார். நான்கு பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நாளில் அவரை அங்கே உட்காரவிட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிற்காலத்துப் படங்கள் எல்லாம் கைப்பேசியில் எடுத்தவை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆகையால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 2017 கோடைப் படங்களில் எங்கு பார்த்தாலும் காலிக் குடங்கள். 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, சிறுவாணியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிய வருஷம். அதே கோடையில்தான், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மாநிலத்தின் வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் இரண்டு அன்னிய நிறுவனங்களின் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தன. எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் கோலி சோடாவும் பொவண்டோவும் நிறைந்திருக்கும் படம் ஒன்று உள்ளது. மண்ணின் பானங்களை ஆதரிப்போம் என்று தட்டியும் வைத்திருந்தேன். நுங்கு என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னது நான்தான்.

அதே 2017ல் காந்திபுரம் மேம்பாலம் முதற்கட்டமாகத் திறக்கப்பட்டது. அது வரும்வரை தூசியில் நாம் பட்ட பாடு தனிக் கதை. இப்போது மதிய நேரத்தில் போய்ப் பாருங்கள், பாலத்தூண்களின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் தர்பூசணியும் கரும்புச்சாறும் நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் படங்களில் மரம் கொடுத்த நிழலை இன்று கான்கிரீட் கொடுக்கிறது. பேருந்து நிலையத்தில் பையன்கள் கூவி விற்ற தண்ணீர்ப் பாக்கெட் 2015 படத்தில் இருக்கிறது, 2019 படத்தில் இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநில அரசு தடை போட்டது.

2020 படத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர். ஏப்ரல் 26 முதல் 29 வரை நமது நகரில் மளிகைக் கடையும் கூடாது என்று முழு அடைப்பு வந்ததே, அதற்கு முதல் நாள் எடுத்தது. வட்டத்துக்குள் நிற்பவர்களின் தலைக்கு மேல் எரிக்கிற வெயில், ஒருவருக்கும் நிழல் இல்லை. ஒரு பெரியவர் மஞ்சள் பையைத் தலையில் கவிழ்த்திருக்கிறார். வீதியில் வேறு எந்த வியாபாரமும் கிடையாது. நாம் மட்டும் கடை, நாம் மட்டும் வீதி. 1995ல் நான் கையெழுத்துப் போட்டுக் கேட்டது இந்த வீதியைத்தான் என்று பேத்தி கேட்ட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நடைபாதையை முழுக்க விட்டுக்கொடுத்துவிடலாமா என்று சிலர் கோபப்படலாம். அப்படிச் சொல்லவில்லை. இப்போது 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, இடம் ஒதுக்கி, சான்று கொடுத்து முறைப்படுத்துவதற்கான சட்டம். அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் தெருவோர வியாபாரிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. அந்த நாற்காலியில் போய் உட்காரும் நம்மவர், லாரி எங்கே நிற்க வேண்டும் என்று பேசுவதோடு, கோடை மூன்று மாதத்துக்குக் குடை எங்கே விரிக்கலாம் என்றும் பேச வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. நம் லோடுமேன்கள் உச்சி வெயிலில் மூட்டை இறக்கும் நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுவது பற்றியும் சங்கத்தில் பேசலாம். என் கடையில் இந்த ஆண்டு மாற்றிவிட்டேன். லாரிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களுக்கும் அதுவே பிடித்துவிட்டது.

இப்போது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணிலும் இப்படி ஒரு டின் இருக்கும். கடை திறப்பு விழா, ஆயுத பூஜை, பையனின் முதல் சைக்கிள் என்று எதற்காகவோ எடுத்த படமாக இருக்கலாம். பின்னால் தெரியும் வீதியைப் பாருங்கள். வண்ணப் படங்கள் வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துவிடும், கண்ணாடி போட்டு வாசலில் மாட்டாதீர்கள். ஒட்டும் பசை உள்ள ஆல்பத்தில் இருந்தால் அவசரப்பட்டுப் பிய்க்காமல் ஆல்பத்தோடு வைத்தே கைப்பேசியில் பிரதி எடுத்துவிடுங்கள். தனிப்படமாக இருந்தால் பின்பக்கம் மெதுவான பென்சிலால் வருஷமும் இடமும் எழுதுங்கள். பேனா வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும். சங்கக் கட்டடத்தில் ஒரு சுவர் காலியாகத்தான் இருக்கிறது. வரும் மே 5க்குள் சேர்ந்தால் அங்கே வரிசையாக வைக்கலாம் என்று நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன்.

எனக்கென்று ஒன்றும் கேட்க வேண்டும். என்னிடம் உள்ள படங்களில் அந்தக் குடை ஒன்பதில் இருக்கிறது. ஒன்றில்கூட அந்த அம்மாளின் முகம் இல்லை. உச்சி வெயிலில் சூரியன் குறியை வைத்து எடுத்தால் வெயிலில் நிற்பவர்கள் மட்டும்தான் விழுவார்கள், குடைக்குள் இருப்பவர் கறுப்பாகிவிடுவார் என்று ஸ்டுடியோக்காரர் இப்போது சொல்கிறார். அவர் பெயரும் எனக்குத் தெரியாது, பதினைந்து வருஷம் தண்ணீர் கொடுத்திருக்கிறேன், கேட்டதில்லை. 1980களில், 90களில் காந்திபுரத்தில் காலை நேரத்திலோ சாயங்காலத்திலோ, வெயில் சாய்ந்திருக்கும்போது யாராவது படம் எடுத்திருந்து, அதன் ஓரத்தில் பெரிய கறுப்புக் குடை ஒன்று தெரிந்தால், எனக்கு ஒரு பிரதி வேண்டும். சங்க அலுவலகத்தில் கொடுத்தால் போதும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.